கேள்வி மாறினால் பதிலும் மாறும்!

கருக்கலைப்புச் சட்டமும் அமெரிக்க மக்களின் கருத்தும்

1962-ம் ஆண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்று ஒரு நகரம். அந்த ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் ஓர் அம்மையாரைத் தெரியும். அவர் பெயர் ஷெர்ரி பிங்க்பைன். டெலிவிஷனில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தி வந்தார். "மிஸ் ஷெர்ரி" என்றுதான் குழந்தைகள் அவரை அழைக்கும்.

அவருக்கே நான்கு குழந்தைகள். ஐந்தாவது குழந்தை வயிற்றில் இருந்தது. அந்தச் சமயத்தில் அவர் சில மாத்திரைகளைச் சாப்பிட்டார். மனப் படபடப்பைத் தணிக்கும் மாத்திரைகள் அவை. கணவர் ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது வாங்கி வந்தவை.

ஒரு நாள் பத்திரிகையைப் படித்தார். திடுக்கிட்டார்! "தாலிடோமைட்" என்ற மருந்தைச் சாப்பிட்ட தாய்மார்களுக்கு, கையும் காலும் சரியாக வளராத குழந்தைகள் பிறக்கின்றன என்று அதில் போட்டிருந்தது. டாக்டரிடம் ஓடினார். அவர் சாப்பிட்டதும் அதே மருந்துதான்!

கருவைக் கலைத்துவிடுவதே நல்லது என்று டாக்டர் யோசனை சொன்னார். தாயின் உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் மட்டுமே கருவைக் கலைக்கலாம் என்பது அன்று அரிசோனாவில் சட்டம். ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஏற்பாடு நடந்தது.

இதற்கிடையே அம்மையாருக்கு ஒரு கவலை. தம்மைப் போல வேறு பெண்களும் இந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால்? அவர்களை எச்சரிக்க நினைத்தார். தம் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர்ப் பத்திரிகைக்கு விஷயத்தைத் தெரிவித்தார்.

செய்தி வந்தது. வினையும் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பயந்து பின்வாங்கினார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. பெயர் வெளியே வந்துவிட்டது. மிரட்டல்கள் வந்தன. டெலிவிஷன் வேலையும் போயிற்று. கடைசியில் கணவனும் மனைவியும் சுவீடன் நாட்டுக்கு விமானம் ஏறினார்கள். ஆகஸ்டு மாதம் அங்கே கருக்கலைப்பு நடந்தது.

அமெரிக்கா முழுவதும் இதே பேச்சாக இருந்தது. "அவள் செய்தது சரிதான்" என்று சிலர். "தவறு, தவறு!" என்று சிலர். எந்தப் பக்கம் அதிகம் பேர்? இதைத் தெரிந்துகொள்ள "காலப்" நிறுவனம் மக்களிடமே கேட்டது.

நூற்றுக்கு 52 பேர் "சரி" என்றார்கள். 32 பேர் "தவறு" என்றார்கள். மீதி 16 பேர் "ஒன்றும் சொல்வதற்கில்லை" என்று விட்டுவிட்டார்கள்.

கருக்கலைப்பைப் பற்றி அமெரிக்க மக்களிடம் எடுத்த மிகப் பழைய கணிப்புகளில் இது ஒன்று. அன்று முதல் இன்று வரை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அவர்கள் கண்டுபிடித்தது என்ன? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கருக்கலைப்பு சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல.

யார் இந்தக் காலப்?

ஜார்ஜ் காலப் என்பவர் ஆரம்பித்த நிறுவனம் இது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1936-ம் ஆண்டு நடந்த ஜனாதிபதி தேர்தல்.

அந்தத் தேர்தலில் ரூஸ்வெல்ட்டும் லாண்டனும் போட்டியிட்டார்கள். "லிட்டரரி டைஜஸ்ட்" என்ற பிரபல பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபால் அனுப்பியது. "உங்கள் ஓட்டு யாருக்கு?" என்று கேட்டது. இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் எழுதினார்கள். லாண்டன்தான் ஜெயிப்பார் என்று பத்திரிகை அடித்துச் சொல்லிற்று.

காலப் கேட்டது அதில் ஒரு சிறு பகுதிப் பேரிடம்தான். ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்றார். ஜெயித்தவர் ரூஸ்வெல்ட்! அதுவும் 48 மாநிலங்களில் 46 மாநிலங்களைப் பிடித்து ஜெயித்தார். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பத்திரிகையே நின்றுபோயிற்று.

இருபது லட்சம் பேர் சொன்னது எப்படித் தவறாயிற்று? பத்திரிகை யாருக்குத் தபால் அனுப்பியது என்று பாருங்கள். டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் ஆகியோரின் பட்டியல்களைப் பார்த்து அனுப்பியது. பஞ்ச காலத்தில் டெலிபோனும் காரும் யாரிடம் இருக்கும்? வசதி உள்ளவர்களிடம்தான். ஏழைகளின் குரல் அதில் ஏறவே இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் நம் தாய்மார்கள். ஆனால் எந்தத் தாயும் மேலாக இருக்கும் சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பதில்லை. அகப்பையை அடிவரை விட்டுக் கிளறி, பிறகுதான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள். கருத்துக் கணிப்பின் சூட்சுமமும் இதுதான். ஆயிரம் பேரிடம் கேட்டால் போதும். ஆனால் அந்த ஆயிரம் பேரும் கிளறி எடுத்த பருக்கைகளாக இருக்க வேண்டும்.

இதற்காக அவர்கள் என்னென்னவோ தந்திரம் செய்வார்கள். வீட்டுக்குப் போன் செய்தால் யார் எடுப்பது வழக்கமோ, அவர்தான் எடுப்பார். அவரிடமே எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கதி? ஆகவே "உங்கள் வீட்டில் அடுத்து யாருக்குப் பிறந்த நாள் வருகிறது? அவரைக் கூப்பிடுங்கள்" என்பார்கள். இது நல்ல வேடிக்கை. ஆனால் அர்த்தமுள்ள வேடிக்கை.

இவ்வளவு செய்தும் அசல் கணக்கு வராது. ஆயிரம் பேரிடம் கேட்ட கணக்கில் நூற்றுக்கு நான்கு கூடலாம், நான்கு குறையலாம் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். காலப்பும் சறுக்கியது உண்டு. 1948-ம் ஆண்டு தேர்தலில் டூயி ஜெயிப்பார் என்று சொன்னார். ட்ரூமன் ஜெயித்துவிட்டார்!

ஒரே ஆண்டு, இரண்டு பதில்

ஆளைப் பொறுக்குவதில்தான் சிக்கல் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் கேள்வியில் இருக்கிறது.

1972-ம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டின் நடுவில் காலப் நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது. கருவைக் கலைப்பதா, வேண்டாமா என்பது அந்தப் பெண்ணும் அவளுடைய டாக்டரும் மட்டுமே முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? இதுதான் கேள்வி. நூற்றுக்கு 64 பேர் "ஆம்" என்றார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் அதே நிறுவனம் வேறு விதமாகக் கேட்டது. கருவுற்ற முதல் மூன்று மாதத்துக்குள், டாக்டரிடம் போய்க் கருவைக் கலைத்துக்கொள்ளப் பெண்ணுக்கு அனுமதி தரும் சட்டம் வந்தால் ஆதரிப்பீர்களா? இப்போது ஆதரித்தவர்கள் 46 பேர்தான். எதிர்த்தவர்கள் 45 பேர்.

சில மாதத்துக்குள் 18 பேர் மனம் மாறிவிட்டார்களா? இல்லை. முதல் கேள்வியில் "பெண்", "டாக்டர்", "மட்டுமே" என்ற சொற்கள் இருந்தன. அடுத்த வீட்டுக்காரர் நம் வீட்டு விஷயத்தில் தலையிடலாமா என்று கேட்டதுபோல அது காதில் விழுந்தது. இரண்டாவது கேள்வியில் "சட்டம்", "அனுமதி" என்ற சொற்கள் வந்தன. நாடே இதற்குச் சம்மதம் தரலாமா என்று கேட்டதுபோல ஆயிற்று.

முதல் கணிப்பு ஆகஸ்டு மாதம் "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகையில் வெளிவந்தது. ஒருவர் அதைக் கத்தரித்துத் தம் கோப்பில் வைத்துக்கொண்டார். அவர் சாதாரண மனிதர் அல்ல. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஹாரி பிளாக்மன்! அடுத்த ஆண்டு, 1973 ஜனவரி 22-ந் தேதி, "ரோ - வேட்" வழக்கில் தீர்ப்பு எழுதியவர் அவர்தான். கருக்கலைப்பு செய்துகொள்ளப் பெண்ணுக்கு அரசியல் சட்டப்படி உரிமை உண்டு என்று 7 நீதிபதிகள் சொன்னார்கள். 2 பேர் மறுத்தார்கள். பத்திரிகைத் துண்டைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதினார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 64 என்ற எண் அவர் கோப்பில் இருந்தது; 46 என்ற எண்ணோ, தீர்ப்பு வந்த பிறகுதான் பத்திரிகையில் வந்தது.

அந்தக் கத்தரிப்பில் இன்னோர் அதிசயமும் உண்டு. "ஆம்" என்றவர்களின் விகிதம் குடியரசுக் கட்சிக்காரர்களிடம்தான் அதிகம். அவர்களில் நூற்றுக்கு 68 பேர். ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 59 பேர்தான். இன்று நிலைமை தலைகீழ்!

எதை முதலில் கேட்பது?

கேள்வியை மாற்றவே வேண்டாம். முன்னும் பின்னுமாக வைத்தாலே போதும், பதில் மாறிவிடும்!

ஹோவர்டு ஷூமன், ஸ்டான்லி பிரஸ்ஸர் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 1979-ம் ஆண்டு அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அவர்களிடம் இரண்டு கேள்விகள் இருந்தன.

குழந்தைக்குக் கடுமையான ஊனம் இருக்கக்கூடும் என்று தெரிந்தால், கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தரலாமா? இது ஒரு கேள்வி.

கல்யாணமான பெண், இனிமேல் குழந்தை வேண்டாம் என்று நினைத்தால் இடம் தரலாமா? இது மற்றொரு கேள்வி.

பாதிப் பேரிடம் கல்யாணமான பெண்ணைப் பற்றி முதலில் கேட்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 61 பேர் "தரலாம்" என்றார்கள். மறுபாதிப் பேரிடம் ஊனக் குழந்தையைப் பற்றி முதலில் கேட்டுவிட்டு, பிறகு கல்யாணமான பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். "தரலாம்" என்றவர்கள் 48 பேர்தான்!

ஏன் இப்படி? ஆராய்ச்சியாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கு எளிதில் புரியும். பெரிய கஷ்டத்தை முதலில் கேட்ட பிறகு, அடுத்து வருவது சின்னக் கஷ்டமாகத் தோன்றுகிறது. 61 என்ற எண்ணை ஒருவர் காட்டலாம். 48 என்ற எண்ணை மற்றவர் காட்டலாம். இருவரும் பொய் சொல்லவில்லை!

மூன்று பெட்டிகள்

1975-ம் ஆண்டு முதல் காலப் நிறுவனம் ஒரே கேள்வியை மாற்றாமல் கேட்டு வருகிறது. அதற்கு மூன்று பதில்கள். எந்த நிலையிலும் சட்டப்படி அனுமதிக்கலாம் என்பது ஒன்று. சில நிலைகளில் மட்டும் அனுமதிக்கலாம் என்பது இரண்டு. எந்த நிலையிலும் கூடாது என்பது மூன்று.

1975-ல் முதல் பதிலைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 21 பேர். நடுப் பதிலைச் சொன்னவர்கள் 54 பேர். கூடவே கூடாது என்றவர்கள் 22 பேர்.

2024-ல் முதல் பதிலுக்கு 35 பேர். நடுப் பதிலுக்கு 50 பேர். கூடவே கூடாது என்பதற்கு 12 பேர்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்! இரண்டு ஓரங்களும் இடம் மாறியிருக்கின்றன. நடுவில் நிற்பவர்கள் அப்படியே பாதிப் பேராக நிற்கிறார்கள்.

ஆனால் டெலிவிஷனிலும் மேடையிலும் இந்தப் பாதிப் பேரின் சத்தம் கேட்பதே இல்லை. அங்கே கேட்பது இரண்டு கோஷங்கள்தான். "உயிருக்கு ஆதரவு" என்பது ஒரு கோஷம். "தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு ஆதரவு" என்பது மற்றொன்று. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று 1995-ம் ஆண்டு முதல் காலப் கேட்கிறது. அந்த ஆண்டு உரிமைப் பக்கம் 56 பேர், உயிர்ப் பக்கம் 33 பேர். 2009-ல் உயிர்ப் பக்கம் 51 பேர் என்று ஏறி, முதல் முறையாக முந்திக்கொண்டது. 2022-ல் மறுபடி உரிமைப் பக்கம் 55 பேர் ஆயிற்று.

உயிருக்கு யார்தான் ஆதரவு இல்லை? உரிமையை யார்தான் வேண்டாம் என்பார்கள்? இரண்டுமே நல்ல சொற்கள். இரண்டில் ஒன்றை எடு என்றால் சாதாரணக் குடும்பத்துப் பெண் என்ன செய்வாள்? ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவாள். அவள் மனத்தில் இருப்பது அதில் பாதிகூட வராது.

மனத்தில் இருப்பது என்ன? சிகாகோவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1972 முதல் நிலைமைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறது. தாயின் உடல்நிலைக்குப் பெரும் ஆபத்து, கற்பழிப்பால் உண்டான கரு, குழந்தைக்குக் கடுமையான ஊனம் - இந்த மூன்றுக்கும் பெரும்பாலோர் எப்போதும் "அனுமதிக்கலாம்" என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். வறுமை, கல்யாணம் ஆகாத நிலை, இனிக் குழந்தை வேண்டாம் என்ற எண்ணம் - இவற்றைக் கேட்டால் பல ஆண்டுகளாக நாடு ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

மாதக் கணக்கும் மக்கள் மனத்தில் இருக்கிறது. 2023-ல் காலப் கேட்டபோது, முதல் மூன்று மாதத்தில் அனுமதிக்கலாம் என்றவர்கள் 69 பேர். அடுத்த மூன்று மாதத்துக்கு 37 பேர். கடைசி மூன்று மாதத்துக்கு 22 பேர். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு நிதானம் இந்த எண்களில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று வாசகர்கள் நினைக்கலாம். பல ஆண்டுகளாக அப்படி இல்லை. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். 2022-க்குப் பிறகுதான் இடைவெளி பெரிதாயிற்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. தீர்ப்பு வந்து 40 ஆண்டு நிறைந்த 2013-ல் "பியூ" என்ற ஆராய்ச்சி நிலையம், "ரோ - வேட் தீர்ப்பு எதைப் பற்றியது?" என்று கேட்டது. கருக்கலைப்பைப் பற்றியது என்று சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 62 பேர். 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 44 பேர்தான்! "அந்தத் தீர்ப்பை ரத்து செய்யலாமா?" என்று இவர்களிடமும்தான் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு ரத்தாயிற்று

2022 ஜூன் 24-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தன் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. கருக்கலைப்பை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யலாம் என்றது. பத்துக்கும் அதிகமான மாநிலங்களில் ஏறக்குறைய முழுத் தடை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பெண் பல நூறு மைல் காரில் போக வேண்டிய நிலை வந்தது.

இதுவரை ஆயிரம் பேரிடம் கேட்டார்கள். இப்போது ஊர் முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று.

முதலில் ஓட்டுக்குப் போனது கான்சாஸ் மாநிலம். நடு அமெரிக்காவில் உள்ள விவசாய நாடு. 2020 தேர்தலில் டிரம்புக்கு நூற்றுக்கு 56 ஓட்டுப் போட்ட ஊர். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டம் காப்பாற்றுகிறது என்று அங்குள்ள கோர்ட்டு 2019-ல் சொல்லியிருந்தது. அப்படி ஓர் உரிமை இல்லை என்று அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். இதற்காகத்தான் ஓட்டெடுப்பு.

இங்கேயும் கேள்வி குழப்பியது. உரிமை வேண்டாம் என்பவர் "ஆம்" என்று ஓட்டுப் போட வேண்டும். உரிமை வேண்டும் என்பவர் "இல்லை" என்று போட வேண்டும்! போதாக்குறைக்கு, ஓட்டெடுப்புக்கு முதல் நாள் பலருடைய செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. "ஆம்" என்று போட்டால்தான் பெண்களின் உரிமை நிலைக்கும் என்ற பொருளில் அது இருந்தது. உண்மை அதற்கு நேர்மாறு!

ஜூலை மாதம் வெளிவந்த ஒரு கணிப்பில் திருத்தத்துக்கு ஆதரவு 47, எதிர்ப்பு 43 என்று இருந்தது. மீதி 10 பேர் முடிவு செய்யவில்லை. ஆகஸ்டு 2-ந் தேதி ஓட்டு எண்ணினார்கள். எதிர்ப்பு 59! ஆதரவு 41!

கணிப்பு தவறா? முழுத் தவறு என்று சொல்ல முடியாது. 47-க்கும் 43-க்கும் உள்ள வித்தியாசம், அவர்களே சொல்லும் கூடுதல் குறைவுக்குள் அடங்கிவிடும். 10 பேர் வாயே திறக்கவில்லை. யார் ஓட்டுச்சாவடிக்கு வருவார்கள் என்று ஊகிப்பதும் கஷ்டம். கட்சிக்குள் வேட்பாளரைப் பொறுக்கும் சிறு தேர்தலோடு சேர்த்து இந்த ஓட்டெடுப்பை வைத்தார்கள். அப்படிப்பட்ட தேர்தலுக்குக் கூட்டம் வருவதில்லை. அன்றோ ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோர் வந்துவிட்டார்கள்! ஆயினும், நடுப் பெட்டியில் நின்றவர்களை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவு அவ்வளவு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. கட்சியின் பெயரைக் கேட்டால் ஒரு பக்கம் நிற்பவர்கள், முழுத் தடைக்கு வழிவிடலாமா என்று கேட்டால் மறுபக்கம் வருகிறார்கள்.

அடுத்த ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. அங்கே உரிமைக்கு ஆதரவாக நூற்றுக்கு 57 பேர் ஓட்டுப் போட்டார்கள். உரிமை சட்டமாயிற்று.

2024 நவம்பர் 5-ந் தேதி புளோரிடாவில் ஓட்டெடுப்பு. அங்கேயும் உரிமைக்கு ஆதரவாக நூற்றுக்கு 57 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் உரிமை தோற்றுப்போயிற்று! ஆறு வாரத்துக்கு மேற்பட்ட கருவைக் கலைக்கக் கூடாது என்ற தடை அப்படியே நின்றது.

ஏனென்றால் புளோரிடாவில் அரசியல் சட்டத்தைத் திருத்த நூற்றுக்கு 60 பேர் சம்மதிக்க வேண்டும். இந்த விதி 2006-ம் ஆண்டு வந்தது. அதையும் மக்களிடம் ஓட்டுக்கு விட்டுத்தான் கொண்டு வந்தார்கள். அன்று பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். 60 வேண்டும் என்ற அந்த விதிக்குக் கிடைத்த ஓட்டு, நூற்றுக்கு 58-ஐக்கூடத் தொடவில்லை!